31 கிழமையில் கோர்ட்டிசோல் 'கூட' என்று வந்த ரிப்போட்டுக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். தங்கச்சிக்கு 31 கிழமை, முதல் பிள்ளை. மாப்பிள்ளை கட்டாரில். தங்கச்சி தன் தாயோடு மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளிப் பக்கம் இருக்கிறார். இரவில் யானையை விரட்டப் போடும் யானைவெடிச் சத்தம், சரியான நித்திரை இல்லை. கிழமைக்கு ஒருமுறை நுண்கடன் காசு கட்ட வேண்டும். யூடியூபில் யாரோ 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கூடினால் பிள்ளையின் மூளை பாதிக்கும்' என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, மட்டக்களப்பு டவுனில் ஒரு பிரைவேட் லாப்பில் காலை எட்டு மணிக்கு, அந்த ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கோர்ட்டிசோலைப் பார்க்க இரத்தம் கொடுத்திருக்கிறார்கள். முடிவு, ஒரு டெசிலீட்டருக்கு 34 மைக்ரோகிராம். பக்கத்தில் 5 முதல் 25 வரை என்று அச்சடித்து, 34க்கு எதிரே 'எச்' என்று ஒரு எழுத்து, அதாவது 'ஹை', கூடுதல். அக்கா கேட்பது மூன்று விஷயம்: இது பிள்ளைக்குக் கூடாதா, குறைக்க மருந்து இருக்கிறதா, பிறந்த பிறகு தானாக இறங்குமா.

அந்த 34இல் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை பக்கத்தில் உள்ள 5–25இல்தான். அந்த வரம்பு கர்ப்பமில்லாத ஆட்களுக்கு உரியது. இரத்தம் கொடுத்தவர் ஏழு மாத வயிற்றோடு வந்திருந்தார் என்பது மெஷினுக்குத் தெரியாது. கடைசி மூன்று மாதத்தில் காலைக் கோர்ட்டிசோல் சாதாரண அளவைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருப்பது வழமை. மாப்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிற, கடனே இல்லாத, யானை எட்டியும் பார்க்காத வீட்டுக் கர்ப்பிணி ஒருவரைச் சோதித்திருந்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் வந்திருக்கும். ஆகவே அதைக் குறைக்க மருந்து தேவையில்லை, யாரும் தந்தாலும் வாங்க வேண்டாம். தங்கச்சியின் கவலை உண்மையானது, அதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கவலையை இந்த இரத்தச் சோதனை அளக்கவில்லை. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மிச்சம் எல்லாம் விளக்கம்.

சாதாரண நாளில் இந்த ஹார்மோன் எப்படிச் சுரக்கிறது என்று முதலில் பார்ப்போம். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலமஸ் சி.ஆர்.எச். என்ற ஒன்றை விடும். அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். விடும். அது சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி வைத்ததுபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, கோர்ட்டிசோல் வரும். கோர்ட்டிசோல் போதுமான அளவுக்கு வந்ததும் அதுவே மேலே போய் 'காணும், நிறுத்து' என்று சொல்லிவிடும். காலையில் கூடி, நடு இரவில் குறைகிற ஓட்டம் இது. கர்ப்பிணிகளிலும் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும், முழு வரியும் மேலே நகர்ந்திருக்கும் அவ்வளவுதான்.

மேலே நகர இரண்டு காரணம். ஒன்று ஈஸ்ட்ரஜன். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரஜன் ஏற ஏற, ஈரல் ஒரு புரதத்தைக் கூடுதலாகச் செய்யும். அந்தப் புரதம் கோர்ட்டிசோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடகு வைத்த நகை மாதிரி: கணக்கில் உங்களுடையது, கழுத்தில் போட ஏலாது. லாப்பில் வழமையாக அளப்பது அடகில் கிடப்பதையும் சேர்த்த மொத்தக் கணக்கு. (ஈஸ்ட்ரஜன் உள்ள குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை குடிக்கிறவர்களுக்கும் இதே காரணத்தால் 'எச்' வரும். அதற்காகப் பயந்து ஓடி வந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.) கட்டுப்படாத, உண்மையில் வேலை செய்கிற கோர்ட்டிசோலும் கர்ப்பத்தில் ஏறத்தான் செய்கிறது. அதற்குக் காரணம் இரண்டாவது விஷயம், நஞ்சுக்கொடி.

மூளை விடுகிற அதே சி.ஆர்.எச்.ஐ நஞ்சுக்கொடியும் செய்கிறது. இரண்டு மாதம் கடந்ததும் தொடங்கி, கடைசிக் கிழமைகளில் சரசரவென்று ஏறும். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மூளையின் சி.ஆர்.எச்.ஐ கோர்ட்டிசோல் அடக்கும் என்றேன் அல்லவா, நஞ்சுக்கொடியின் சி.ஆர்.எச்.ஐ அது இன்னும் கூட்டும். இது கூட அதுவும் கூடும், அது கூட இதுவும் கூடும். பிறகு ஏன் தாய் வெடித்துப் போவதில்லை? வருகிற சி.ஆர்.எச்.இல் பெரும்பகுதியை இன்னொரு புரதம் பிடித்து முடக்கி வைத்திருக்கிறது. பிரசவத்துக்கு மூன்று, நான்கு கிழமை இருக்கும்போது அந்தப் புரதம் குறையத் தொடங்கும், சி.ஆர்.எச். கட்டவிழும். 1995இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் வேலை செய்த ஒரு குழு இதைப் பிரசவ நாளைக் குறிக்கும் கடிகாரம் என்றே எழுதியது. குறைமாதத்தில் பெற்றவர்களில் இந்த ஏற்றம் முன்கூட்டியே தொடங்கியிருந்ததையும், நாள் கடந்து பெற்றவர்களில் பிந்தித் தொடங்கியதையும் அவர்கள் கண்டார்கள்.

இந்த ஏற்றம் வீணுக்கு வருவதில்லை. தாயின் இரத்தத்தில் சீனியை நிறுத்தி வைத்து, பிள்ளைக்குப் போய்ச் சேர வைப்பதில் கோர்ட்டிசோலுக்கும் பங்கு உண்டு. நஞ்சுக்கொடி விடுகிற வேறு ஹார்மோன்களும் அதே வேலையைச் செய்கின்றன. சிலருக்கு அது அளவு மீறிப் போய்க் கர்ப்பகாலச் சீனி வருத்தமாகிறது. அதனால்தான் 24 முதல் 28 கிழமைக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரத்தம் பார்க்கிறார்கள். உங்கள் தங்கச்சி அதைச் செய்தாரா என்று கிளினிக் கொப்பியில் பாருங்கள். கோர்ட்டிசோலைவிட ஆயிரம் மடங்கு முக்கியமான எண் அது.

இனிப் பிள்ளையின் பக்கம். தாயின் கோர்ட்டிசோல் முழுவதும் பிள்ளைக்குப் போகிறது என்றுதான் அந்த யூடியூப் ஆள் நினைத்திருக்க வேண்டும். அப்படிப் போவதில்லை. நஞ்சுக்கொடியில் ஒரு நொதியம் இருக்கிறது. அந்த வழியாகக் கடக்கிற கோர்ட்டிசோலில் பெரும்பகுதியை அது கோர்ட்டிசோன் என்ற, வேலை செய்யாத பொருளாக மாற்றிவிடும். பிள்ளையின் இரத்தத்தில் உள்ள கோர்ட்டிசோல் தாயின் அளவில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். கடைசிக் கிழமைகளில் பிள்ளையின் சொந்த அட்ரினல் சுரப்பிகள் கோர்ட்டிசோல் விடத் தொடங்கும். பிள்ளையின் நுரையீரல் காற்றுக்குத் தயாராவது, ஈரலில் சீனி சேமிப்பது, குடல் முதிர்வது எல்லாம் அதனால்தான்.

இந்த நொதியத்தைப் பற்றி நம் ஊர் ஆட்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: அதிமதுரம். அதில் உள்ள கிளிசரைசின் என்ற பொருள் நேராக இந்த நொதியத்தைத்தான் முடக்கும். பின்லாந்தில் அதிமதுர மிட்டாயை ஆட்கள் அள்ளித் தின்பார்கள். கர்ப்பத்தில் அதை அதிகம் தின்ற தாய்மாரின் பிள்ளைகளை வளர்ந்த பிறகு பார்த்ததில், அறிவுச் சோதனைகளிலும் நடத்தையிலும் வித்தியாசம் தெரிந்தது. அங்கே இப்போது கர்ப்பிணிகளுக்கு அதிமதுரம் வேண்டாம் என்றுதான் அறிவுரை. இருமலுக்கு ஒருநாள் ஒரு வாய்க் கசாயம் குடித்ததால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தொண்டைக்கு நல்லது என்று கிழமைக்கணக்கில் அதிமதுரம் அவித்துக் குடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, அதைப் பிள்ளை பிறக்கும் வரை நிறுத்தி வையுங்கள். பிரஷரும் ஏறும், அதனாலும் கூடாது.

இதே நொதியம்தான் ஊசி விஷயத்தையும் விளக்கும். குறைமாதத்தில் பிரசவம் வரும் போல் இருந்தால், பிள்ளையின் நுரையீரலுக்கு என்று தாய்க்கு ஊசி போடுவார்கள். அது டெக்சாமெதசோன் அல்லது பீட்டாமெதசோன். இவற்றை அந்த நொதியத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அப்படியே கடந்து பிள்ளையிடம் போகும். நியூசிலாந்தில் ஒக்லண்டைச் சேர்ந்த லிகின்ஸ், ஹோவி என்ற இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அடித்தளம். லிகின்ஸ் அதற்கு முன் செம்மறி ஆடுகளில் இதைக் கவனித்திருந்தார். வழமையாக 24 முதல் 34 கிழமைக்குள் இந்த ஊசி போடப்படும். ஒன்றிரண்டு நாள் தாயின் சீனி ஏறும், அதைப் பார்த்துக்கொள்வார்கள். 'ஸ்டீரொய்ட் ஊசியா, வேண்டாம்' என்று கையெழுத்துப் போட மறுத்த குடும்பங்கள் உண்டு. குறைமாதப் பிள்ளை மூச்சுக்குப் போராடுவதை ஒருதரம் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மூட்டுவாதம், லூபஸ், ஆஸ்துமா போன்றவற்றுக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோனோ இதற்கு நேர்மாறு, பெரும்பகுதி நஞ்சுக்கொடியில் முடங்கிவிடும். அதைக் குடிக்கிறவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

சரி, அப்படியானால் தாயின் கவலை பிள்ளையைத் தொடவே தொடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் பெரிய பனிமழை வந்து, கிழமைக்கணக்கில் கரண்ட் இல்லாமல் மக்கள் கிடந்தார்கள். அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதிகம் கஷ்டப்பட்டவர்களின் பிள்ளைகளில், சராசரியாக எடுத்தால், மொழியிலும் அறிவு வளர்ச்சியிலும் வித்தியாசம் இருந்தது. 'சராசரியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் அந்த வரிசை கொஞ்சம் நகர்ந்திருக்கும். இந்தப் பிள்ளை கெட்டுப் போகும் என்று எவராலும் விரல் நீட்ட முடியாது. 1994இல் கலிஃபோர்னியாவில் நோர்த்ரிட்ஜ் பூகம்பம் வந்தபோது இன்னொன்று தெரிந்தது: முதல் மாதங்களில் இருந்த கர்ப்பிணிகளுக்கு அது பெரிய அதிர்ச்சியாகவும், கடைசி மாதங்களில் இருந்தவர்களுக்கு அந்தளவு இல்லாமலும் இருந்தது. கோர்ட்டிசோல் ஏறி நிற்கிற அதே காலத்தில், புதிதாக வருகிற அதிர்ச்சிக்கு உடம்பு துள்ளுவது குறைகிறது. 31 கிழமையில் யானைவெடிக்கு நெஞ்சு படபடக்கும், ஆனால் அதனால் ஏறுகிற கோர்ட்டிசோல் மூன்றாம் மாதத்தில் ஏறியிருக்கக்கூடிய அளவுக்கு இருக்காது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை முகாம்களில் இருந்த கர்ப்பிணிகளை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் பட்டதை எந்த லாப்பிலும் அளந்திருக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு இருபது வயது தாண்டி, படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், சிலர் தாங்களே தாயாகிவிட்டார்கள். இது ஆய்வு இல்லை, ஒரு ஊர்க்காரனின் கவனிப்பு, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நஞ்சுக்கொடியின் நொதியம் எல்லோரிலும் ஒரே பலத்தில் இருப்பதில்லை என்பதும் உண்மை. பிள்ளை வளராமல் நிற்கும் கர்ப்பங்களிலும், பிரஷர் ஏறும் கர்ப்பங்களிலும் அது குறைவாக இருக்கிறது. கடும் பதற்றம் உள்ள தாய்மாரிலும் குறைவு என்று லண்டனில் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. ஆகவே கவனிக்க வேண்டியவை: தாய் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, நிறை ஏறுகிறதா, பிரஷர் சரியா, வீட்டில் யாரும் அடிக்கிறார்களா, நித்திரை முழுதாகப் போய்விட்டதா, இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் மனம் போகாமல் இருக்கிறாரா. கடைசியாகச் சொன்ன மூன்றையும் நாம் கேட்பதே இல்லை. இரும்புக் குளிசை குடித்தாரா, அரசு தருகிற திரிபோஷ சத்துமா கிடைத்ததா என்று கேட்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

நுண்கடன் விஷயத்தை ஏன் எழுதினீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. குழுவாகக் கடன் எடுத்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் வாசலில் வந்து நிற்கிற முறை அது. அந்த நாள் நெருங்க நெருங்கச் சோறு இறங்காது. பிறக்கும் வரைக்கும் அந்தக் கூட்டத்துக்குத் தங்கச்சி போகாமல், வீட்டில் வேறு ஒருவர் போய்க் கட்டுகிற மாதிரிச் செய்ய முடிந்தால், எந்த டொனிக்கும் தராத பலன் தரும்.

அடுத்தது பிரசவம். அந்த நேரம் கோர்ட்டிசோல் கர்ப்பத்தின் வேறு எந்த நாளையும்விட மேலே போகும். அது வேலைக்கு ஏறுகிறது, ஏறட்டும். அங்கே சிக்கல் தருவது அட்ரினலின்தான். பயந்தால் அட்ரினலின் ஏறும், அது கர்ப்பப்பையின் தசையைத் தளர வைக்கும். (குறைமாத வலியை நிறுத்தக் கொடுத்த சில மருந்துகள் அட்ரினலினைப் போலவே வேலை செய்தவை.) வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து ஆம்புலன்ஸில் வரும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக இருந்த வலி, பெரியாஸ்பத்திரி லேபர் ரூமில் கட்டிலில் ஏற்றியதும் நின்றுபோவதை நிறையத் தரம் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் யாரோ கத்துகிறார், மேலே டியூப்லைட், தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அரை மணி, ஒரு மணி போக, அந்த வாட்டில் நெடுநாள் வேலை செய்கிற அம்மா ஒருவர் வந்து, 'பயப்பிடாத மகள், நான் நிக்கன்' என்று முதுகை நீவிவிடுவார். மறுகா வலி தொடங்கும். அவருக்கு ஹார்மோன் பெயர் எதுவும் தெரியாது.

இதை ஆய்வாகவும் செய்திருக்கிறார்கள். 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்யப்பட்ட 26 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், பிரசவம் முழுக்கப் பக்கத்தில் ஒரு துணை இருந்தவர்களுக்கு வலி நேரம் சராசரியாக 40 நிமிடம் குறைவு, சிசேரியனும் குறைவு. உலக சுகாதார நிறுவனமும் துணை இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. இங்கே இடவசதியைப் பொறுத்து ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நடைமுறை மாறும். 36 கிழமைக் கிளினிக்கிலேயே 'லேபர் ரூமுக்குள் ஒரு ஆள் நிற்கலாமா, யார் நிற்கலாம்' என்று கேட்டு வையுங்கள். தாயோ அக்காவோ, எவர் பதறாமல் இருப்பாரோ அவர் போகட்டும். அழுகிற ஆள் வேண்டாம்.

பிள்ளைக்கும் பிறக்கிற நேரம் அட்ரினலினும் நோர்அட்ரினலினும் பாய்ந்து ஏறும். அது அந்தப் பிள்ளைக்குத் தேவை. நுரையீரலுக்குள் இருக்கும் தண்ணீர் உறிஞ்சப்படுவதற்கும், முதல் மணித்தியாலத்தில் பிள்ளை கண்ணை அகல விழித்துப் பார்ப்பதற்கும் அதுதான் காரணம். வலி வராமலே நாள் குறித்துச் செய்கிற சிசேரியனில் இந்த ஏற்றம் குறைவு. அதுதான் காரணமில்லாமல் 39 கிழமைக்கு முந்தி அப்படிச் செய்ய டொக்டர்கள் தயங்குவார்கள். நல்ல நேரம் பார்த்து நாள் கேட்டுப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: பிறந்த பிறகு இறங்குமா? இறங்கும், வேகமாகவே. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அது விட்ட சி.ஆர்.எச். ஒரு நாளைக்குள் இரத்தத்தில் இல்லாமல் போகும். ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்டரோனும் சில நாட்களில் அடிமட்டத்துக்கு விழும். கோர்ட்டிசோலைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் மெதுவாகத்தான் குறையும் என்பதால் மொத்த அளவு சில கிழமை எடுக்கும். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இந்த இறக்கம் முழுவதும் நல்ல செய்தி இல்லை. இவ்வளவு மாதமும் வெளியிலிருந்து சி.ஆர்.எச். வந்துகொண்டிருந்ததால் தாயின் சொந்த ஹைப்போதலமஸ் மந்தமாகிக் கிடக்கும். அமெரிக்காவில் 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெற்ற தாய்மாருக்கு சி.ஆர்.எச். ஊசி போட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் கிழமையிலும் ஆறாம் கிழமையிலும் பிட்யூட்டரி சரியாகப் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டாம் கிழமையில்தான் வழமைக்கு வந்தது. மனம் சோர்ந்து போயிருந்த தாய்மாரில் அந்த மந்தம் இன்னும் கூடுதலாக, இன்னும் நீண்டு இருந்தது.

இதை நம் வீட்டு நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். தமிழ் வீட்டில் 31ஆம் நாள் துடக்குக் கழியும், முஸ்லிம் வீட்டில் 40ஆம் நாள். அதுவரை மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுத்து, வேதுத் தண்ணீரில் குளிக்க வார்த்து, பால்சுறா வறையும் முருங்கையிலையும் என்று கவனிப்பார்கள். கிழக்கு மாகாணத்தில் பெண் கலியாணம் முடித்தும் தாய்வீட்டோடு இருப்பது பெரிய வரம். பிள்ளை பெற்றவளைப் புகுந்த வீட்டில் யாரும் அதிகாரம் பண்ணுவதில்லை. ஆனால் அந்த நாள் கழிந்ததும் வந்தவர்கள் போய்விடுவார்கள், பெரியம்மா தன் வீட்டுக்குப் போவார், அடுப்படி மீண்டும் இவளுடையதாகும். உடம்பின் கணக்கில் அப்போது பாதி வழிதான் முடிந்திருக்கிறது. என்னிடம் கேட்டால், உதவியைப் பன்னிரண்டு கிழமைக்குப் பரவலாகப் பங்கு போடச் சொல்வேன். முதல் மாதம் ஐந்து பேர் சுற்றி நிற்பதைவிட மூன்று மாதம் ஒரு ஆள் வந்து போவது மேல்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காரணமில்லாமல் அழுகை வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வருவதுதான், இரண்டு கிழமைக்குள் போய்விடும். போகாவிட்டால் அது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகளவில் பெற்ற தாய்மாரில் 13 சதவீதம் பேருக்கும், வளர்ந்துவரும் நாடுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கும் மனநோய், முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது. ஹார்மோன் எல்லோருக்கும்தானே விழுகிறது, ஏன் சிலருக்கு மட்டும் என்று கேட்கலாம். 2000ஆம் ஆண்டு அதற்கு ஒரு நல்ல பரிசோதனை வந்தது. முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்த எட்டுப் பெண்கள், வராத எட்டுப் பெண்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்டரோனும் கொடுத்துக் கர்ப்பத்தைப் போல ஆக்கி, பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். முன்பு நோய் வந்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு மனம் சரிந்தது, மற்ற எட்டில் ஒருவருக்கும் இல்லை. அளவு ஒன்று, மூளை அதை எடுத்துக்கொள்கிற விதம் வேறு. இரத்தம் எடுத்து 'உனக்கு வரும், உனக்கு வராது' என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். முன்பு வந்திருக்கிறதா, தாய்க்கோ சகோதரிக்கோ வந்ததா என்று கேட்பது எந்த லாப்பையும்விடப் பயன்.

புரொஜெஸ்டரோனிலிருந்து உடம்பு அலோபிரெக்னனலோன் என்று ஒன்றைச் செய்கிறது. மூளையை அமைதிப்படுத்தும் பொருள். அதுவும் பிரசவத்தோடு விழுகிறது. அதையே பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு மருந்தாக்கி 2019இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள், 2023இல் அதே வழியில் வேலை செய்யும் ஒரு குளிசையும் வந்தது. இங்கே வழமையாகத் தருவது செர்ட்ராலின் போன்றவை, பால் கொடுத்துக்கொண்டே குடிக்கலாம்.

பால் என்றதும் ஞாபகம் வருகிறது. பிள்ளை சப்பும்போது ஒக்ஸிடோசின் விட்டு விட்டுச் சுரந்து பாலைத் தள்ளும். பால் கொடுத்துச் சற்று நேரத்துக்குள் வருகிற பதற்றத்துக்குக் கோர்ட்டிசோல் அவ்வளவாக ஏறுவதில்லை என்று கண்டிருக்கிறார்கள், அதுவே தாய்க்கு ஒரு ஓய்வு. மறுபக்கம், சத்தமும் மனக்கணக்கும் ஒக்ஸிடோசினைத் தடுக்கும். ஜப்பானில் தாய்மாரைக் கணக்குப் போட வைத்தும் சத்தம் கேட்க வைத்தும் இதைக் காட்டினார்கள். பால் உள்ளே இருக்கும், இறங்காது. அந்த நேரம் பார்த்து ஒரு மாமி 'இவளுக்குப் பால் காணாது' என்பார், பின்னேரமே பால்மா டின் வந்துவிடும். டின்னுக்குப் போக முன், அறையில் இருந்து ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, பிள்ளையைத் தோலோடு தோலாகப் போட்டு அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

கோர்ட்டிசோல் சோதனை உண்மையில் உயிரைக் காக்கும் இடமும் ஒன்று உண்டு, அதை அநேகர் தவற விடுகிறார்கள். பிரசவத்தில் இரத்தம் கடுமையாகப் போனால், கர்ப்பத்தில் பெருத்திருக்கும் பிட்யூட்டரிக்கு இரத்தம் போதாமல் அது கருகிவிடலாம். 1937இல் ஷீஹன் விவரித்த நோய் இது. பால் சுரக்கவே சுரக்காது. தலை சுற்றும், பிரஷர் விழும், சோர்வு போகாது, மாதவிடாய் திரும்பி வராது. வீட்டில் 'பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான்' என்று வருடக்கணக்காக விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவருக்குக் காலை எட்டு மணிக் கோர்ட்டிசோல் பார்க்கத்தான் வேண்டும், அங்கே ஆபத்து, கோர்ட்டிசோல் குறைவாக இருப்பதுதான். அதேபோல் பெற்ற பிறகு சோர்வோ படபடப்போ மாதக்கணக்கில் நீடித்தால் ஹீமோகுளோபினும், தைரொயிட்டுக்கான டி.எஸ்.எச். சோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் தைரொயிட் குழம்புவது அபூர்வம் அல்ல.

உங்கள் தங்கச்சிக்கு இப்போது செய்யக் கூடியது: இரவு நித்திரை கெடுகிற வீடாக இருந்தால் பகலில் இரண்டு மணி நேரம் யாரும் எழுப்பாத தூக்கம் கொடுங்கள். முடிந்தால் கடைசி மாதம் யானை வராத, வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைப் பக்கம், உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள், ஆஸ்பத்திரியும் கிட்ட. மாப்பிள்ளை கட்டாரில் இருந்து நினைத்த நேரம் எடுக்காமல், ஒரே நேரத்தில் எடுக்கட்டும். போன் வருமா வராதா என்று பார்த்திருப்பதே ஒரு வேலை. மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது தாயையும் உறவுகளையும் வெளியே அனுப்பி, தங்கச்சியைத் தனியாகக் கதைக்க விடுங்கள். பிறந்து ஒரு மாதமளவில் மனநிலை பற்றிப் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளைத் தந்து நிரப்பச் சொல்வார்கள். 1987இல் எடின்பரோவில் உருவானது அது. பக்கத்தில் நின்று 'இல்லை என்று போடு' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். கடைசிக் கேள்வி தனக்குத் தானே கேடு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 'ஓம்' என்று வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். பிறந்து முதல் இரண்டு கிழமைக்குள் நித்திரையே இல்லாமல், சம்பந்தமில்லாமல் கதைத்து, பிள்ளையைப் பற்றி விபரீதமாக ஏதும் சொன்னால் பேய், பார்வை என்று கோயில் குளம் சுற்றாமல் 1990 ஆம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது, மருந்துக்கு நன்றாகக் கேட்கும். மனநிலை பற்றி வேறு எதுவும் கேட்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. தங்கச்சிதான் எடுக்க வேண்டும் என்று இல்லை, நீங்களும் எடுத்துக் கேட்கலாம்.